ஊரையும் நெட்வொர்க்கையும் குறிப்பிட்டு ஏ.பி.ஐ. வழியாக ப்ராக்ஸி கேட்பது எப்படி?

மதுரை விளக்குத்தூண் பகுதியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடைக்கு நாங்கள் வலைத்தளம் அமைத்துக் கொடுத்திருந்தோம். பார்க்க வருபவரின் ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் அவருடைய இணைப்பைக் குறிக்கும் எண்ணைக் கொண்டு அவருடைய ஊரைக் கணித்து, மதுரை மாவட்டம் என்றால் 'நாளையே கையில் கிடைக்கும்' என்றும், வெளியூர் என்றால் அதற்குரிய நாள் கணக்கையும் சேலைப் படத்துக்குக் கீழே காட்டும் ஏற்பாடு அதில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் எத்தனை முறை திறந்தாலும் சரியாகக் காட்டிய அந்தப் பக்கம், உசிலம்பட்டியிலிருந்து கைப்பேசியில் பார்த்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் சென்னை என்று காட்டி, நான்கு நாள் ஆகும் என்றது. அவர் கடைக்காரரை அழைத்து, "இந்தா இருக்குற உசிலம்பட்டிக்கு வர நாலு நாளாண்ணே?" என்று கேட்ட பிறகுதான் செய்தி எங்கள் காதுக்கு வந்தது.

ஒரு பக்கம் நம் கணினியில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து, அது பிறருக்கு எப்படித் தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு சிம் கார்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும் ஆகிற காரியமில்லை. அந்த ஊரில், அந்த நெட்வொர்க்கில் இருக்கும் ஓர் இணைப்பின் வழியாக நம் கோரிக்கையை வெளியே அனுப்பித் தரும் ப்ராக்ஸி சர்வர்களை ஏ.பி.ஐ. (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் நேரடியாகக் கேட்டுப் பெறும் வழி) மூலம் கேட்டுப் பெறுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அதைச் செய்யும் முறையையும், கேட்டதுதான் கிடைத்ததா என்று சரிபார்க்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன். இரண்டாவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன், ஏனெனில் பலரும் அதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஊர் வேறு, நெட்வொர்க் வேறு

ப்ராக்ஸி சேவைகளின் விளம்பரங்களில் நாடு, மாநிலம், ஊர், நெட்வொர்க் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் அச்சிடப்பட்டிருப்பதால் நான்கும் ஒரே அளவு நம்பகமானவை என்ற எண்ணம் உண்டாகிறது. அது சரியன்று.

நெட்வொர்க்கைக் குறிக்கும் எண்ணை ஏ.எஸ்.என். என்பார்கள், தன்னாட்சி அமைப்பு எண் என்று தமிழில் சொல்லலாம். இணைய சேவை நிறுவனம் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள ஐ.பி. தொகுதிகள் எவை என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கும்போது இந்த எண்ணின் பெயரில்தான் அறிவிக்கிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு 9829, ஜியோவுக்கு 55836, ஏர்டெல்லின் வீட்டு பிராட்பேண்டுக்கு 24560, அதன் கைப்பேசி இணைப்புகளுக்கு 45609 என்று எண்கள் இருக்கின்றன. இந்த அறிவிப்புகள் உலகெங்கும் பொதுவில் பதிவாகின்றன என்பதால், ஓர் ஐ.பி. முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்பதை எவரும் தேடித் தெரிந்துகொள்ளலாம்.

ஊர் அப்படிப்பட்டதன்று. ஐ.பி. முகவரிகளைப் பங்கிட்டுத் தரும், உலகிலுள்ள 5 வட்டாரப் பதிவகங்களில் நமக்குரியது ஏ.பி.என்.ஐ.சி.; அதன் கீழ் இந்தியாவில் ஐ.ஆர்.ஐ.என்.என். முகவரிகளை வழங்குகிறது. இந்தப் பதிவேடுகளில் நிறுவனத்தின் பெயரும் நாடும் இருக்குமே தவிர, குறிப்பிட்ட முகவரி இன்று பழங்காநத்தத்தில் இருக்கிறதா பாளையங்கோட்டையில் இருக்கிறதா என்று இருக்காது. ஊர்ப் பெயரைச் சேர்ப்பது தனியார் தரவுத்தள நிறுவனங்களின் வேலை. தரவு போய்த் திரும்ப ஆகும் நேரம், பயனர்களிடமிருந்து திரளும் இடக்குறிப்புகள், சேவை நிறுவனங்கள் தாமாக வெளியிடும் பட்டியல்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து அவை ஊரைக் கணிக்கின்றன. சேவை நிறுவனம் 256 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து எடுத்து மதுரைக்குக் கொடுத்துவிட்டால், அது தரவுத்தளத்தில் ஏறும்வரை மதுரைக்காரர் அங்கே கோயம்புத்தூர்க்காரராகவே இருப்பார்.

கைப்பேசியில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற ஒருவரைப் பார்த்து அவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியுமா? தேனியாக இருக்கலாம், திண்டுக்கல்லாக இருக்கலாம், கோயம்புத்தூராகவும் இருக்கலாம். மேற்கிலிருந்து வந்திருக்கிறார் என்பதைத் தவிர வேறொன்றும் உறுதியாகத் தெரியாது. கைப்பேசித் தரவும் இப்படித்தான். அது கோபுரத்திலிருந்து நேராக இணையத்துக்குப் போவதில்லை. நிறுவனத்தின் மைய வாயிலுக்குப் போய், அங்கே பலர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் பொது முகவரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. அந்த வாயில் சென்னையில் இருந்தால் உசிலம்பட்டியில் இருப்பவரும் சென்னைவாசியாகத் தெரிவார். எங்கள் கடைக்காரரின் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இதுதான்.

இதனால் நாங்கள் பின்பற்றும் ஒழுங்கு, முதலில் நெட்வொர்க்கைக் குறிப்பிட்டுக் கேட்பது, ஊரை அதற்குப் பிறகு சலித்தெடுப்பது. ஊரை மட்டும் கேட்டு வாங்கியதை நம்பி ஒரு சோதனை அறிக்கையையும் நாங்கள் எழுதுவதில்லை.

எந்த வகை ப்ராக்ஸி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேட்டா சென்டர் ப்ராக்ஸி மலிவானது, வேகமானது, ஆனால் ஏ.எஸ்.என். ஒரு சர்வர் வாடகை நிறுவனத்துடையதாக இருக்கும், சாதாரண வாசகர் எவரும் அங்கிருந்து வருவதில்லை. வீட்டு இணைப்பு ப்ராக்ஸி உண்மையான பிராட்பேண்ட் இணைப்பின் வழியாகவும், மொபைல் ப்ராக்ஸி கைப்பேசி நெட்வொர்க்கின் வழியாகவும் செல்கின்றன. நம் தேவை இவ்விரண்டில்தான் நிறைவேறும்.

கோரிக்கையை அமைத்தல்

பெரும்பாலான சேவைகள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தருகின்றன. முதல் வழியில், நிறுவனத்தின் வாயில் சர்வர் ஒன்றுடன் இணைந்து, நிபந்தனைகளையெல்லாம் பயனர் பெயருக்குள்ளேயே கோத்து எழுத வேண்டும். 'பயனர்-கன்ட்ரி-ஐஎன்-ஸ்டேட்-தமிழ்நாடு-சிட்டி-மதுரை-செஷன்-சுங்குடி01' என்பது போன்ற வடிவம் அது. உண்மையில் எல்லாமே சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும், சொற்களின் பெயரும் வரிசையும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டாவது வழியில், ஏ.பி.ஐ. முகவரிக்கு நிபந்தனைகளை அனுப்பினால், பயன்படுத்தத் தயாரான சர்வர்களின் முகவரியும் போர்ட் எண்ணும் பட்டியலாகத் திரும்பி வரும். ஓரிரு சோதனைகளுக்கு முதல் வழி எளிது. நாள்தோறும் தானாக ஓடும் சோதனைகளுக்கு இரண்டாவதே மேல், ஏனெனில் கேட்டது கிடைக்கவில்லை என்றால் ஏ.பி.ஐ. பெரும்பாலும் அதைத் தெளிவான விடையாகச் சொல்லும்.

எந்த வழியாக இருந்தாலும், முதல் அழைப்பு இடங்களின் பட்டியலைக் கேட்பதாக இருக்கட்டும். நம் ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் இருக்கும் குழப்பத்தை இந்த வேலையில் இறங்குகிறவர் முதல் நாளே சந்திப்பார். ஒரு சேவையில் திருச்சிராப்பள்ளி என்று முழுமையாக இருப்பது இன்னொன்றில் ட்ரிச்சி. ஒன்றில் தூத்துக்குடி, மற்றொன்றில் டூட்டிகொரின். தமிழ்நாடு என்பதற்கு நடுவில் இடைவெளி, அடிக்கோடு, ஒன்றுமில்லை என்று மூன்று வடிவங்களைப் பார்த்திருக்கிறேன். 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியாகி, சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாமல், ஏ.பி.ஐ. தரும் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உசிலம்பட்டியோ மேலூரோ இல்லை என்றால் வியப்படைய வேண்டாம். பெரும்பாலும் மாவட்டத் தலைநகர் அளவிலேயே பட்டியல் நின்றுவிடும்.

கடவுச்சொல்லில் அட் குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால், அதை இணைய முகவரி வடிவத்தில் எழுதும்போது அந்த எழுத்துகளைச் சதவீதக் குறியீடாக (% குறியோடு தொடங்கும் எண் வடிவமாக) மாற்றியாக வேண்டும். இல்லையேல் எங்கே பயனர் பெயர் முடிகிறது, எங்கே சர்வர் பெயர் தொடங்குகிறது என்பது நிரலுக்கு விளங்காமல், காரணம் புரியாத 407 பிழை வந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு நிபந்தனையும் கிடைக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இந்தியா என்றால் ஏராளமாக இருக்கும். இந்தியாவும் ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கும் என்றால் குறையும். அதோடு மதுரையும் என்றால் சில நேரங்களில் ஒன்றுமே இருக்காது. ஊரையும் ஏ.எஸ்.என்.-ஐயும் ஒரே கோரிக்கையில் சேர்ப்பதைச் சில நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. அப்போது நாங்கள் செய்வது இது: நாட்டையும் ஏ.எஸ்.என்.-ஐயும் மட்டும் கொடுத்து, சுங்குடி01 முதல் சுங்குடி50 வரை ஐம்பது வெவ்வேறு செஷன் பெயர்களில் இணைப்புகளைத் திறக்கிறோம். ஒவ்வொன்றும் எந்த ஐ.பி. முகவரியில் வெளியே வருகிறது என்று குறித்து, அந்த முகவரிகளைத் தரவுத்தளத்தில் தேடி, மதுரை என்றோ அருகிலுள்ள ஊர் என்றோ வருபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தனியே ஒதுக்கிவைக்கிறோம். ஐம்பதில் இரண்டு மூன்று தேறினாலும் நம் வேலைக்குப் போதும். ஒன்றும் தேறவில்லை என்றால் மாலையில் மறுபடி முயல்வது நல்லது. வீட்டு இணைப்புகள் ஆள்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் அதிகம் உயிரோடு இருக்கும்.

செஷன் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதே செஷன் பெயரைத் திரும்பக் கொடுத்தால், நிறுவனம் குறிப்பிடும் நேரம் வரை, பத்து நிமிடமோ முப்பது நிமிடமோ, அதே வெளிவாயில், அதாவது நம் கோரிக்கை இணையத்துக்கு வெளியேறும் அதே இணைப்பு, கிடைக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் அந்த வீட்டில் மின்சாரம் போனாலோ மோடத்தை அணைத்துவிட்டாலோ இடையிலேயே வேறொரு முகவரிக்கு மாற்றிவிடுவார்கள். எனவே சோதனை தொடங்கும்போதும் முடியும்போதும் வெளிமுகவரியைக் குறித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தச் சோதனையைத் தள்ளிவிடுங்கள்.

பிழை எண்களைப் பற்றிச் சில செய்திகள். 407 என்றால் உங்கள் பயனர் பெயரின் அமைப்பிலோ கடவுச்சொல்லிலோ தவறு. 502, 503 ஆகியவை பெரும்பாலும் உங்கள் நிபந்தனைக்குப் பொருந்தும் இணைப்பு அப்போது இல்லை என்பதைக் குறிக்கும். 403 (அனுமதி இல்லை), 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள்) வந்தால்தான் நிதானிக்க வேண்டும், ஏனெனில் அது ப்ராக்ஸி நிறுவனம் சொல்வதாகவும் இருக்கலாம், நீங்கள் பார்க்கப் போன தளம் சொல்வதாகவும் இருக்கலாம். பாதுகாப்பான இணைப்பில் இதைப் பிரித்தறிவது எளிது. தளத்தோடு இணைத்துவிடும்படி ப்ராக்ஸியிடம் முதலில் கேட்கும் 'கனெக்ட்' கட்டளைக்கே விடையாக வந்தால் வாயில் சர்வர் சொன்னது; மறையாக்கம் தொடங்கிய பிறகு உள்ளிருந்து வந்தால் தளம் சொன்னது. தளம் 429 சொன்னால், முகவரியை மாற்றிக்கொண்டு மறுபடி போவது முறையன்று. வேகத்தைக் குறைப்பதுதான் முறை.

பிழையைவிட ஆபத்தானது, பிழையே சொல்லாமல் விடுவது. மதுரையில் இணைப்பு இல்லாதபோது, சத்தமில்லாமல் தமிழ்நாட்டின் வேறோர் ஊரையோ வேறு மாநிலத்தையோ கொடுத்துவிடும் சேவைகள் உண்டு. கண்டிப்பான பொருத்தம் வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு ஏ.பி.ஐ.யில் இருக்கிறதா என்று ஆவணத்தில் தேடி, இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

கிடைத்ததைச் சரிபார்த்தல்

ஒரு முறை நாங்கள் ஒரு சேவையிடம் 'மதுரை, வீட்டு இணைப்பு, நிலையான முகவரி' என்ற பெயரில் சில முகவரிகளை வாங்கினோம். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. தரவுத்தளத்தில் தேடினால் மதுரை என்று வந்தது; அவர்களுடைய திரையிலும் மதுரை என்று இருந்தது. ஆனால் ஏ.எஸ்.என். எண்ணைத் தேடியபோது அது நம் நாட்டு இணைய சேவை எதனுடையதும் அன்று, ஒரு சர்வர் வாடகை நிறுவனத்தினுடையது என்று தெரிந்தது. அதன் பிறகே நேரத்தை அளந்து பார்த்தோம்.

அளக்கும் முறையை விளக்குகிறேன். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும். அந்த இழையில் அதைவிட வேகமாக எந்தத் தரவும் செல்ல முடியாது. சென்னைக்கும் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர் என்பதால், போய்த் திரும்பக் குறைந்தது 75 மில்லி விநாடி ஆகியே தீரும். இப்போது சென்னையில் ஒரு சர்வரையும் பிராங்க்பர்ட்டில் ஒரு சர்வரையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ப்ராக்ஸி வழியாக இரண்டுக்கும் மறையாக்கக் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்பைத் தொடங்க இரு பக்கமும் பரிமாறிக்கொள்ளும் செய்திகள்) முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். நம் கணினியிலிருந்து வெளிவாயில் வரை ஆகும் நேரம் இரண்டு அளவிலும் பொதுவானது. கழித்துப் பார்க்கும்போது அது அடிபட்டுப் போய், வெளிவாயிலுக்கும் அந்த இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தின் வேறுபாடு மட்டும் மிஞ்சும். வெளிவாயில் உண்மையில் மதுரையில் இருந்தால் சென்னை சர்வர் தெளிவாக முந்த வேண்டும். இணைப்பு நிலை அலைபாயும் என்பதால் பத்து இருபது முறை அளந்து, ஒவ்வோர் ஊருக்கும் கிடைத்த மிகக் குறைந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். சராசரியை எடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

எங்கள் அளவில் பிராங்க்பர்ட் முந்தியது. 'மதுரை' முகவரிகள் ஐரோப்பாவில் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருந்தன. முகவரித் தொகுதியை வைத்திருப்பவரே அது எந்த ஊரில் இருக்கிறது என்று பட்டியலிட்டு வெளியிடும் வழக்கம் ஒன்று உண்டு. 2020-இல் அதற்கு ஒரு பொது வடிவமும் வகுக்கப்பட்டது. நல்ல நோக்கத்துக்கு ஏற்பட்ட அந்த வசதியிலேயே, இல்லாத ஊரை எழுதிவைக்கவும் முடியும். தரவுத்தளம் அதை நம்பி ஏற்றுக்கொண்டால், நாமும் தரவுத்தளத்தை நம்பிக் காசு கொடுப்போம்.

ஆகவே ஒவ்வொரு வெளிவாயிலுக்கும் நான்கு குறிப்புகளைச் சோதனை அறிக்கையில் எழுதிவைக்கிறோம். வெளிமுகவரியை நம்முடைய சொந்த சர்வரின் பதிவேட்டிலிருந்தே எடுக்கிறோம். இப்போது பல நெட்வொர்க்குகள் ஐ.பி.வி.6 என்ற புதிய வகை முகவரியிலும் வெளியே வருவதால் இரண்டு வகையையும் பார்க்க வேண்டும். அந்த முகவரியை அறிவிக்கும் ஏ.எஸ்.என். எது என்பதை டீம் சிம்ரு, ரைப்ஸ்டாட் போன்ற பொதுச் சேவைகளில் தேடுகிறோம். ஊரைக் குறைந்தது இரண்டு தரவுத்தளங்களில் பார்க்கிறோம்; சோதிக்கப்படும் தளம் எந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறதோ அது அந்த இரண்டில் ஒன்றாக இருப்பது அவசியம். கடைசியாக, மேலே சொன்ன நேர அளவு. இவற்றில் ஏ.எஸ்.என். பொருந்தாவிட்டால் அந்த இணைப்பை உடனே விலக்கிவிடுகிறோம். ஊர் மட்டும் பொருந்தாவிட்டால் விலக்குவதில்லை, தனியே குறித்துவைக்கிறோம். உசிலம்பட்டி வாடிக்கையாளருக்கு நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்க உதவியதே அப்படிப்பட்ட இணைப்புதான்.

தளத்தின் பெயருக்குரிய ஐ.பி. முகவரியைத் தேடும் டி.என்.எஸ். வேலை எங்கே நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். சாக்ஸ்5 என்ற ப்ராக்ஸி வகையில் பல கருவிகள் தளத்தின் பெயரை நம் கணினியிலேயே முகவரியாக மாற்றிக்கொண்டு, பிறகுதான் ப்ராக்ஸிக்கு அனுப்பும். அப்போது கோரிக்கை மதுரையிலிருந்து போனாலும், அது போய்ச் சேரும் சர்வர் நம் கணினிக்கு அருகிலிருப்பதாக அமைந்துவிடும். பெயரைத் தொலைவிலேயே தேடும்படி கருவியை அமைக்க வேண்டும். கட்டளை வரியில் இயங்கும் 'கர்ல்' கருவியில் சாக்ஸ்5 என்பதோடு ஹெச் என்ற எழுத்தைச் சேர்த்தால் போதும்.

பிரவுசரில் சோதிக்கும்போது மொழி விருப்பத்தைத் தமிழுக்கும், நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். இருப்பிட அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதித்தால் ப்ராக்ஸியைத் தாண்டி நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே தளத்துக்குத் தெரிந்துவிடும். வீட்டு இணைப்பு, மொபைல் ப்ராக்ஸிகளுக்கு ஜி.பி. கணக்கில் கட்டணம் என்பதால், எழுத்தை மட்டும் பார்க்கும் சோதனைகளில் படங்களை இறக்காமல் தடுத்துவைத்தால் செலவு பெருமளவு குறையும்.

யாருடைய இணைப்பு அது?

வீட்டு இணைப்பு ப்ராக்ஸி என்பது யாரோ ஒருவருடைய வீட்டு மோடம். அவர் தெரிந்து, சம்மதித்து, அதற்கு ஏதோ ஒரு பயன் பெற்றுக்கொண்டு தந்ததா என்று கேட்காமல் எந்தச் சேவையையும் வாங்காதீர்கள். 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற சேவை, 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளை உரியவர்களுக்குத் தெரியாமலே, இலவச வி.பி.என். செயலிகளுக்குள் ஒளித்துவைத்த தீநிரலால் பிடித்து வைத்திருந்தது. அப்படிப்பட்ட இணைப்பு வழியாக நாம் ஒரு சேலை விலையைப் பார்த்தாலும், அது இன்னொருவர் வீட்டுக்குள் அழைக்காமல் நுழைந்ததற்குச் சமம். இலவசப் பட்டியல்களில் கிடைக்கும் ப்ராக்ஸிகளையும் நான் தொடுவதில்லை. எந்த ப்ராக்ஸி வழியாகவும் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ அனுப்புவதில்லை.

நம்முடைய தளத்தையும், அனுமதி பெற்ற தளங்களையும், எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பக்கங்களையும் மட்டும் சோதிப்போம். அனுமதியின்றிப் பிறர் கணினி அமைப்புக்குள் நுழைவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவின்படி இழப்பீட்டுப் பொறுப்புக்கும், நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி தண்டனைக்கும் இட்டுச் செல்லக்கூடியது. தனிநபர் விவரங்களைத் திரட்டினால் 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும்.

சுங்குடிக் கடையின் தளத்தை, பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் ஆகிய மூன்றின் ஏ.எஸ்.என். எண்களிலும் தனித்தனியே இணைப்பு எடுத்து மறுபடி பார்த்தோம். வீட்டு பிராட்பேண்டில் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. கைப்பேசி இணைப்புகளில் நம்ப முடியாததாக இருந்தது. அதனால் வருபவரின் ஏ.எஸ்.என். கைப்பேசி நெட்வொர்க்குடையது என்றால் ஊரைக் கணிப்பதையே நிறுத்திவிட்டு, சேலைப் படத்துக்குக் கீழே அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்கும் ஒரு சிறு பெட்டியை வைத்தோம். உசிலம்பட்டி எண்ணை இட்டால் இப்போது 'நாளை' என்று காட்டுகிறது. தரவுத்தளங்கள் மாறிக்கொண்டே இருப்பதால், மாதத்தின் முதல் திங்கட்கிழமை இந்தச் சோதனையை அதே செஷன் பெயர்களில் மறுபடி ஓட்டி, முந்தைய மாத அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.